எங்கள் ஊர் நகராட்சி கமிஷனர்: எதிர்த்த கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில், நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கும் பெயர்தான். பெரும்பாலும் நடப்பது மனு டைப் அடிப்பது, சொத்து வரி கட்டிக் கொடுப்பது, பிறப்புச் சான்றிதழ் இறக்கிக் கொடுப்பது, அப்புறம் "கமிஷனர் இருக்காராம்மா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. ஜீப் போர்டிகோவில் நிற்கிறதா என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துச் சொல்லிவிடுவேன். ஊரின் பெயரையும் வந்து போன ஆணையர்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. எனக்கு நாளைக்கும் இதே தெருவில் கடை திறக்க வேண்டும்.

மிக்ஸி வாங்கினால், ஓட்டலில் சாப்பிட்டால் எல்லாரும் மதிப்பீடு எழுதுகிறார்கள். நகராட்சிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறோம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகவும் வழியில்லை. அதைப் பற்றி எழுதுவது மேலும் அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆளுக்கு மார்க் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பதவி ஊருக்கு என்ன தருகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் விலை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தினார்களே, அப்போது எங்களைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் ஏறியது. அன்றைக்கு என் கடை வாசலில் நடந்த சண்டையைப் பார்த்திருந்தால் இந்தப் பதவி எப்படி வேலை செய்கிறது என்று புத்தகம் படிக்காமலே புரிந்திருக்கும். உயர்த்தச் சொன்னது அரசாணை. அறிவிப்பில் கையெழுத்து ஆணையருடையது. திட்டு வாங்கியது, பதவியேற்று மாதம்கூடச் சரியாகத் தாண்டாத கவுன்சிலர்கள். "ஓட்டுக் கேட்டு வந்தப்போ இதைச் சொன்னீயா?" என்று ஒரு அண்ணாச்சி எங்கள் வார்டு கவுன்சிலரைப் பிடித்துக்கொண்டார். ஆணையர் அறைக்குள் போய் அதே கேள்வியைக் கேட்க ஒருவரும் போகவில்லை. அவரிடம் யாரும் ஓட்டுப் போட்ட உரிமையில் பேச முடியாதே.

பதவியின் அமைப்பே அப்படி. நகராட்சியின் நிர்வாகத் தலைமை ஆணையர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் தீர்மானம் போடும், அதை நடைமுறைப்படுத்துவது அவர் பொறுப்பு. மன்றக் கூட்டத்தில் சேர்மனுக்குப் பக்கத்தில் உட்காருவார், பேசலாம், விளக்கம் சொல்லலாம், வாக்குப் போட முடியாது. பொறியாளர், மேலாளர், கணக்கர், நகரமைப்பு ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், பில் கலெக்டர் என்று எல்லாப் பிரிவும் கடைசியில் அவர் மேஜையில்தான் வந்து முடியும். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் சென்னையில். பழைய 1920-ம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் பல பத்தாண்டுகள் ஓடியது. 1998-ல் இயற்றி, வருஷக்கணக்காகக் கிடப்பில் இருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறியும் இந்த ஏற்பாடு மாறவில்லை: பணம் ஊருடையது, தீர்மானம் மன்றத்துடையது, பேனா அரசாங்க ஊழியருடையது.

இந்த ஏற்பாட்டுக்கு வயது ஜாஸ்தி. பம்பாயில் 1865-ல் ஆர்தர் கிராஃபர்ட் என்பவரை முதல் முனிசிபல் கமிஷனராகப் போட்டார்கள். கிராஃபர்ட் மார்க்கெட் அவர் பெயரில்தான் நிற்கிறது. ஊரைச் சுத்தம் செய்தார், கட்டினார், கூடவே கேட்பாரில்லாமல் செலவும் செய்தார். வரி கட்டியவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1872-ல் சட்டம் மாறி, கமிஷனருக்கு மேலே கணக்குக் கேட்க ஒரு மன்றம் வந்தது. கமிஷனர் இல்லாமலும் ஆகாது, அவரைத் தனியாக விட்டாலும் ஆகாது என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அவரைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதை நாங்களே பார்த்தோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத்துக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ம் தேதி. இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேலாக ஆணையர்தான் மன்றத்தின் அதிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கும் தனி அலுவலர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மன்றக் கூட்டத்துக்கான அஜெண்டா பிரதி எடுக்க என் கடைக்குத்தான் வரும், ஏனென்றால் எதிரே உள்ள மிஷின் எப்போதும் ரிப்பேர். தனி அலுவலர் காலத்திலும் அந்தத் தாள்கள் வந்தன. ஆணையர் என்ற முறையில் ஒரு பொருளைப் பரிந்துரைத்து வைப்பார். தனி அலுவலர் என்ற முறையில் அதே நபர் 'அனுமதிக்கலாம்' என்று கையெழுத்துப் போடுவார். மேலே கேட்பதும் அவர், கீழே கொடுப்பதும் அவர். பத்து நிமிஷத்தில் ஊரின் ஒரு மாத வேலை முடிந்துவிடும்.

வேகம் இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். டெண்டர் சீக்கிரம் நகர்ந்தது, கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை. ஆனால் எங்கள் தெருவில் மின்கம்பத்து விளக்கு எரியாமல் போனால் யாரிடம் சொல்வது? மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கவுன்சிலர் என்றால் பால் வாங்கப் போகும்போதே பிடித்துக் கேட்டிருப்போம். தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோனது, அது தனிக் கதை. சென்னை மாநகராட்சியோடு ஒப்பிட்டால் எங்கள் ஐந்து வருஷம் ஒன்றுமே இல்லை. 1688-ல் தொடங்கிய அந்த மாநகராட்சி 1973 முதல் 1996 வரை மன்றமே இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்தது. ஒரு தலைமுறையே மேயரைப் பார்க்காமல் வளர்ந்திருக்கிறது.

2022 தேர்தலுக்குப் பிறகு மன்றம் வந்தது, கூச்சலும் வந்தது. கூட்டம் நடக்கும் நாளில் எங்கள் தெருவில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. தெருவிளக்கு மட்டும் சீக்கிரம் எரிய ஆரம்பித்தது. கவுன்சிலர்கள் எரியாத விளக்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், அதில் ஆணையரும் பொறியாளரும் இருக்கிறார்கள். 2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தன்று, வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் ஏரியா சபை என்று புதிதாக ஆரம்பித்தார்கள். முதல் கூட்டத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் நகராட்சி ஊழியர்கள்தான். இருந்தாலும் வாய்க்காலை அடைத்துக் கட்டிய படிக்கட்டைப் பற்றி ஒரு ஆச்சி எழுந்து பேசினார். ஆணையர் குறித்துக்கொண்டார். படிக்கட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் அது பதிவேட்டில் ஏறியிருக்கிறது, இனி அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது ஆட்களைப் பற்றி, பெயர் இல்லாமல்.

ஒருவர் விடிகாலை ஆறு மணிக்கே வார்டில் நிற்பார். தூய்மைப் பணியாளர்கள் கூடும் இடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பார், குப்பை வண்டிக்குப் பின்னால் நடப்பார், எல்லாவற்றுக்கும் போட்டோ. அந்த போட்டோக்களைப் பார்த்து நான் கேலி செய்ததுண்டு, ஏனென்றால் அவர் வெளியே சுற்றிய நேரமெல்லாம் கோப்புகள் அவர் அறையில் தூங்கின. பெயர் மாற்றத்துக்கும் வரி திருத்தத்துக்கும் அலைந்தவர்கள் என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ம் தேதி மழையில் அவருடைய அருமை தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லையென்றாலும் பாதி ஊர் தண்ணீரில். எந்த வாய்க்கால் எங்கே அடைக்கும், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று அந்த மனுஷனுக்கு மனப்பாடம். அத்தனை காலையிலும் அவர் நடந்து பார்த்தது அதைத்தானே. டெண்டர், கொட்டேஷன் என்று உட்கார்ந்திருக்கவில்லை. சேர்மனிடம் முன் அனுமதி வாங்கி, ஜேசிபியையும் டீசல் மோட்டாரையும் வாடகைக்கு எடுத்து இறக்கிவிட்டார். பிறகு அத்தனை செலவும் மன்றத்தில் பின்னேற்புக்கு வந்தது. அந்த அஜெண்டாவையும் நான்தான் பிரதி எடுத்தேன். சாதாரண நாளில் பின்னேற்பு என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். செலவை முடித்துவிட்டு அனுமதி கேட்பதற்கு அது வசதியான கதவு. அந்த ஒரு கூட்டத்தில் மட்டும் எந்தக் கட்சிக் கவுன்சிலரும் எதிர்த்து வாய் திறக்கவில்லை.

அவர் மாறிப் போனார். நாற்காலி காலி. பக்கத்து நகராட்சி ஆணையர் கூடுதல் பொறுப்பு. இந்தச் சேவையின் மிக மோசமான பகுதி இதுதான் என்பேன். கூடுதல் பொறுப்பு அதிகாரி வாரத்தில் எப்போதாவது வருவார், சம்பளப் பட்டியலிலும் அவசரக் கடிதங்களிலும் கையெழுத்துப் போடுவார், கொஞ்சம் சிக்கலான கோப்பு எதையும் தொடமாட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, நாளைக்கு ஆடிட் வந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர். அந்தச் சமயம்தான் என் அப்பா பெயரில் இருந்த வீட்டு வரியை என் பெயருக்கு மாற்றக் கொடுத்திருந்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசியாகக் கட்டிய வரி ரசீது, கூடப் பிறந்தவர்களின் சம்மதக் கடிதம், எல்லாம் கொடுத்தாயிற்று. பில் கலெக்டர் வந்து பார்த்தார், வருவாய் ஆய்வாளர் எழுதினார், மேலாளர் வரை போனது. அங்கே நின்றது. எதிர்த்த கடைக்காரி எனக்கே இந்தக் கதி. பஸ் ஏறி வருகிறவர்களை நினைத்துக்கொண்டேன். "ஏதாவது பார்த்துச் செஞ்சா நகரும்க்கா" என்று ஒருவர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். கையெழுத்துப் போட ஆள் இல்லாத கோப்பை எதைப் பார்த்துச் செய்தால் யார் நகர்த்துவார் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் என் கடைப் பக்கம் டீக்குக்கூட வரவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு மேடம். ஊர் சுற்றவில்லை, போட்டோ இல்லை. முதல் வாரம் முழுக்கத் தபால் பிரிவில் போய் உட்கார்ந்திருந்ததாக உள்ளே இருப்பவர்கள் அதிசயமாகச் சொன்னார்கள். எந்த மனு எந்தப் பிரிவுக்குப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கிறார். ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வருவது போல என் கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்கதான் எல்லாருக்கும் மனு அடிச்சுத் தர்றீங்களா?"

"ஆமா மேடம்."

"ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கம்மா. தண்ணி வரலை, விளக்கு எரியலை, வரி ஜாஸ்தின்னு மூணையும் ஒண்ணா எழுதினா மூணு செக்‌ஷன் சுத்தணும். கடைசியில் ஒண்ணுக்கும் பதில் வராது."

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது. அன்றிலிருந்து மூன்று குறை இருந்தால் மூன்று தாள் அடிக்கிறேன். மக்கள் கூடுதல் காசுக்கு முணுமுணுக்கிறார்கள், ஆனால் பதில் வருகிறது.

அவர் செய்தவற்றில் பெரியது வெளியே தெரியாத ஒன்று. ஆணையர் கையெழுத்து தேவையே இல்லாத விஷயங்களும் பழக்கத்தால் அவர் மேஜைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை மேலாளரோடும் வருவாய் ஆய்வாளரோடும் நிறுத்திவிட்டார். எந்தக் கோப்பு எத்தனை நாள் யாரிடம் இருந்தது என்று வாரம் ஒரு பட்டியல் கேட்டார். என் பெயர் மாற்றம் அந்தப் பட்டியலில் வெளியே வந்ததுதான். அதைவிட எனக்குப் பிடித்தது, அவர் தேர்தல் வேலைக்கும் பயிற்சிக்கும் வெளியூர் போன நாட்களில் கூட எதிரே கவுன்ட்டர் நின்றுபோகவில்லை. ஆணையர் நல்லவரா என்று கேட்டால் நான் இப்போதெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன்: ஜீப் இல்லாத நாளில் பில் கலெக்டர் என்ன செய்கிறார்?

மழைக்காலத்துக்கு அந்த விடிகாலை ஆணையர், மற்ற மாதங்களுக்கு இந்த மேடம் என்று வைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படிக் கேட்டு வாங்க இது ஓட்டல் இல்லை. இவரும் ஊரைப் புரிந்துகொண்டு முடிக்கும்போது மாற்றல் வந்துவிட்டது. கவுன்சிலருக்கு ஐந்து வருஷம் உத்தரவாதம். ஆணையருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சேர்மனோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் மாற்றம், ரொம்பவும் ஒத்துப்போனார் என்று புகார் போனாலும் மாற்றம். ஒவ்வொரு தடவையும் புதியவர் வந்து முதலில் கேட்பது ஊரின் வரைபடத்தை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் கசப்பான இடம் குப்பை. குறைகளில் ஒன்றாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று 2020-ல் மாற்றினார்கள், மரியாதைதான். ஆனால் ஆட்களில் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். சம்பளம் தாமதமானால், பி.எப். பிடித்தது கணக்கில் ஏறவில்லை என்றால், அவர்கள் வந்து உட்காருவது ஆணையர் அறை வாசலில். மனு என் கடையில்தான் அடிப்பார்கள், அந்த மனுவுக்கு நான் காசு வாங்குவதில்லை. உள்ளேயிருந்து வழக்கமாக வரும் பதில், "கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க." 1970-லேயே வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனம் அதைக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டது. இங்கே முதன்மை நிறுவனம் நகராட்சி. நகராட்சி என்றால் நிர்வாகத்தில் அது ஆணையர்தான். வரி பாக்கிக்கு என் வீட்டுக் குழாய் இணைப்பைத் துண்டிப்பேன் என்று நோட்டீஸ் அனுப்பத் தெரிந்த அலுவலகத்துக்கு, ஒப்பந்ததாரர் பில்லில் கை வைக்கத் தெரியாதா? மேடம் காலத்தில் ஒரு தடவை மட்டும் சம்பளப் பட்டுவாடாச் சான்று வந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று நிறுத்தி வைத்தார். அந்த வாரமே சம்பளம் வந்தது. அதிகாரம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது, அதனால்தான் கசப்பு.

சரி, அவரால் ஆகாத விஷயங்களுக்கும் அவரைத் திட்டுவது நியாயமில்லை. ஊர் நடுவே போகும் பெரிய ரோட்டில் பள்ளம் என்றால் அது அநேகமாக நெடுஞ்சாலைத் துறை. பட்டா தாசில்தார். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றிலிருந்து தண்ணீரே ஏறவில்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியம். தெருவிளக்கு பல்பு நகராட்சி, கம்பத்துக்கு வரும் கரண்ட் மின்வாரியம். மனு அடிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிடுகிறது. புதுசாகப் போட்ட தெருவை மறுநாளே தோண்டுகிறார்களே என்று கேட்டால் மட்டும் எனக்குப் பதில் இல்லை. தோண்டுவதற்கு அனுமதி கொடுப்பது நகராட்சிதான்.

சில வேலைகள் ஆணையர் மேஜையை விட்டே போய்விட்டன, அது நல்லது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்பெல்லாம் வீட்டு வரைபடத்தோடு அலைகிறவர்கள் முகத்தைப் பார்த்தே எந்த மேஜையில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இப்போது தரைத்தளமும் மாடியுமாகச் சின்ன வீடு கட்டுகிறவர்கள் என் கடையிலேயே பணம் கட்டித் தாளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழும் பதிவு ஆகிவிட்டால் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆனால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை இன்னும் பலர் காதில் வாங்குவதில்லை. வருஷம் தாண்டிவிட்டால் அந்த அலைச்சலை எந்த ஆணையராலும் குறைக்க முடியாது. வரி கட்டவும் ஆன்லைன் வந்துவிட்டது. புது வீட்டுக்கு வரி போடுவது மட்டும் இன்னும் ஆள் வந்து அளந்து பார்க்கும் வேலை. புகார் அதிகம் வருவதும் அங்கேதான்.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது கிராம ஊராட்சியில். அங்கே ஏற்பாடே வேறு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரே நிர்வாக அதிகாரி, காசோலையில் அவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஊராட்சிச் செயலாளர் எழுதுவார். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். "உங்க ஊர்ல கமிஷனர் ஏசி ரூம்ல இருக்கார், எங்க தலைவர் வேப்ப மரத்தடியில இருக்கார்" என்று அக்கா பெருமை பேசிக்கொண்டிருந்தாள். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, மற்ற 27 மாவட்டங்களைப் போல அவள் ஊரும் தனி அலுவலர் கைக்குப் போனது. அந்தத் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரின் ஒரு கையெழுத்துக்கு ஒன்றிய அலுவலகம் வரை பஸ் ஏற வேண்டியதானபோது, அந்த வேப்ப மரத்தின் மதிப்பு அவளுக்கும் தெரிந்தது.

நட்சத்திரம் கேட்டால், பதவிக்கு 5-க்கு 3. ஆள் இருக்கும்போது. கூடுதல் பொறுப்பு மாதங்களுக்கு 1, அதுவும் வரி ரசீது நிற்காமல் வந்ததற்காக. தனி அலுவலர் காலத்துக்கு 2 போடுவேன். கடைக்கு வருகிற காண்ட்ராக்டர் ஒருவர் அதற்கு 5 போடுவார், கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சொத்து வரி உங்கள் வீட்டுக்குத் தப்பாகப் போட்டிருக்கிறது என்றால் கவுன்சிலரிடம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அவர் முடிவு சரியில்லை என்றால் மன்றத்தின் வரி மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், அந்தக் குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. மனு கொடுத்தால் தபால் எண்ணும் தேதியும் போட்டு வாங்குங்கள். அது இல்லாத மனு கொடுக்காத மனுதான். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 'என் இன்ன எண் மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்' என்று மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேள்வி எழுதினால் தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள், நகல் கேட்டால் கொடுத்தாக வேண்டும், கெடு 30 நாள். பணம் கையாடல், முறைகேடு என்று ஆதாரத்தோடு சொல்ல இருந்தால் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் சென்னையில் இருக்கிறது, தபாலிலேயே அனுப்பலாம். ஆணையரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் திங்கள்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாளும் வேண்டாம், அன்றைக்கு உள்ளே யாரும் சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை.